தொடாமல் காப்பாற்றியவன்

கார்களின் பின்கண்ணாடியில் புருவத்தை நெரித்து முறைக்கும் அனுமன் ஸ்டிக்கரை அடிக்கடி பார்க்கிறேன். மனசு ஒப்பவே மாட்டேன் என்கிறது. கோபமும் பலமும் அவனுக்கு உண்டுதான், இலங்கையை எரித்தவன் ஆயிற்றே. ஆனால் ராமாயணத்தில் அவன் செய்த ஆகப்பெரிய காரியம் எது என்று கேட்டால், கடலைத் தாண்டியதையும் மலையைத் தூக்கியதையும் நான் அடுத்தபடியாகத்தான் சொல்வேன். சாகத் துணிந்தவர்களிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு நல்ல சொல்லைச் சொன்னானே, அதுதான் முதல்.

அசோகவனத்தை எடுத்துக்கொள்வோம். வால்மீகியில் சீதை தன் பின்னலாலேயே சுருக்கிட்டுக்கொள்ள நினைக்கிறாள். மரத்தின் மேல் இலைகளுக்குள் அனுமன். அந்த நேரத்தில் அவன் எதை யோசிக்கிறான் தெரியுமா? எந்த மொழியில் பேசுவது என்று! படித்தவர்கள் பேசும் சமஸ்கிருதத்தில் பேசினால் ராவணன்தான் வந்துவிட்டான் என்று பயந்துவிடுவாள். சாதாரண மனிதர்கள் பேசுகிற பேச்சில் பேச வேண்டும் என்று முடிவு செய்கிறான். தன்னை மேதாவி என்று நினைத்துக்கொள்ளும் தூதர்கள் காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்றும் தனக்கே சொல்லிக்கொள்கிறான். அப்புறம் அவள் காதில் மட்டும் விழும்படி மெதுவாக ஆரம்பிக்கிறான்: தசரதன் என்று ஓர் அரசன் இருந்தான்... உயிரை விடப் போகிறவளுக்குக் கதை சொல்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்.

கம்பன் இதே இடத்தை வேறு மாதிரி நெய்கிறான். சீதை உயிரை விடத் துணிந்து மாதவிக் கொடிகள் அடர்ந்த இடத்துக்குப் போகிறாள். அனுமன் பதறுகிறான். ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தடுக்கலாமே? 'மெய் தீண்டக் கூசுவான்' என்கிறான் கம்பன். ராவணன் தூக்கிக்கொண்டு வந்த பெண் அவள். அவளை வேற்று ஆணின் கை தொடக்கூடாது. அப்படியானால் அவனிடம் மிச்சம் இருப்பது சொல் ஒன்றுதான். 'அண்டர் நாயகன் அருள் தூதன் யான்' என்று சொல்லித் தொழுதபடி எதிரே வருகிறான். கடலைத் தாண்டிய உடம்பு அங்கே கைகட்டி நிற்கிறது. இந்த ஒரு வரிக்காகவே கம்பனைக் கும்பிடலாம்.

ராமனிடம் திரும்பி வந்து 'கண்டனென்', அதாவது பார்த்துவிட்டேன், என்று நல்ல செய்தியை முதல் சொல்லிலேயே வைத்துத் தொடங்கியதைப் பட்டிமன்றங்களில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். எனக்கு அது முழுசாகப் புரிந்தது ஓர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில். அம்மாவை உள்ளே கொண்டுபோய் நாலு மணி நேரம் ஆகியிருந்தது. கதவைத் திறந்த நர்ஸ் எங்கள் முகத்தைப் பார்த்தார். முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், 'நல்லா இருக்காங்க' என்றார். மற்ற விவரமெல்லாம் பிறகுதான் வந்தது. என் தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பரதனிடம் போனபோதும் இதே கதைதான். பதினாலு வருஷம் முடிகிறது, அண்ணன் வரவில்லை. நந்திகிராமத்தில் தீ மூட்டிக் குதிக்க நிற்கிறான். 'ஐயன் வந்தனன், ஆரியன் வந்தனன்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே பாய்ந்து கையாலேயே தீயைக் கரியாக்குகிறான் அனுமன் என்று பாடுகிறான் கம்பன். இங்கே கைக்கும் வேலை இருந்தது. ஆனாலும் சொல்தான் முந்திக்கொண்டது.

ராமன் முதல் சந்திப்பிலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைக்கிறேன். கிஷ்கிந்தையில் இவன் பேசியதைக் கேட்டுவிட்டுத் தம்பியிடம் 'யார்கொல் இச் சொல்லின் செல்வன்' என்று வியக்கிறான். வால்மீகியின் ராமனோ, இவ்வளவு பேசியும் ஒரு சொல்கூடப் பிழையாக வரவில்லையே என்கிறான். அப்போது அனுமன் எந்த மலையையும் தூக்கிக் காட்டியிருக்கவில்லை.

சரி, அந்தக் கோபத்துக்கு வருகிறேன். போர் முடிந்து, ராவணன் இறந்த செய்தியைச் சீதையிடம் கொண்டுபோவதும் அனுமன்தான். வால்மீகியில் அவள் சந்தோஷத்தில் வாயடைத்துப் போகிறாள். உங்களை வதைத்த இந்த அரக்கிகளைக் கொன்றுவிடட்டுமா என்று கேட்கிறான். நியாயமான கோபம், கையில் பலம், தடுக்க ஆளில்லை. ஆனாலும் அவளிடம் அனுமதி கேட்கிறான். வேண்டாம், அவர்கள் ராஜா சொன்னதைச் செய்தவர்கள், தப்பே செய்யாதவர் யார் இருக்கிறார் என்கிறாள் சீதை. நீங்கள் ராமனுக்கு ஏற்ற மனைவிதான் என்று சொல்லிவிட்டு, ராமனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு கிளம்புகிறான். ஓர் அரக்கியின் மேலும் அவன் கை படவில்லை.