கொன்றை பூக்கும் நேரத்தில் பூங்காவைப் பூட்டாதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் என் முகநூல் முழுவதும் ரொறன்ரோ ஹை பார்க்கின் செர்ரிப் பூக்கள்தான். ஸ்காபரோவில் இருக்கும் மருமக்களும் மச்சாள்மாரும் மரத்தடியில் நின்று படம் போடுகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. 1959இல் தோக்கியோ மக்களின் அன்பளிப்பாக ரொறன்ரோவுக்கு 2,000 செர்ரி மரங்கள் வந்தன. பூத்தால் பத்து நாள் நிற்பதே பெரிய காரியம். அதைப் பார்க்க ஊரே திரண்டு போகிறதே, அதுதான் எனக்குப் பொறாமை.

அதே நாட்களில் இங்கே இலங்கையின் வடக்கில் எங்கள் வன்னி நிலமும் பூத்துத்தான் கிடக்கிறது. வேம்பின் கீழே வெள்ளையாகக் கொட்டிக் கிடப்பதை வடகத்துக்குக் கூட்டி அள்ளுகிறோம். இலுப்பைப் பூ இரவோடிரவாக உதிர்கிறது. காட்டோரம் கொன்றை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மஞ்சளாய்த் தொங்குகிறது. ஒரு சரத்தைக் கையில் பிடித்துப் பாருங்கள்: மேலே ஐந்து இதழும் விரிந்திருக்கும், நுனியில் பச்சை மொட்டுகள் இன்னும் உருண்டையாக இருக்கும். பக்கத்திலேயே போன வருடத்துக் கறுத்த நெற்று. கருவண்டு வந்து பூவைப் பிடித்து உலுக்கும் சத்தம் கீழே நிற்பவருக்கும் கேட்கும்.

இத்தனையும் கிணறு அடி தெரியும் காலத்தில். நம் நகரப் பூங்காக்களை அமைப்பவர்களுக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை. சிவப்புக் கல் பதிக்கிறார்கள், சீமெந்தில் காளான் கட்டுகிறார்கள், எங்கிருந்தோ வாங்கிய பூஞ்செடிகளை வரிசையாக நடுகிறார்கள். பங்குனி முடிவதற்குள் அவை கருகிவிடுகின்றன. அல்லது மனிதருக்கே போதாத தண்ணீரைக் குடிக்கின்றன. உள்ளே நின்ற கொன்றை ஒன்றை "குப்பை கொட்டுகிறது" என்று தறித்ததையும் பார்த்தேன். குப்பையாம்! பூவைத்தான் சொல்கிறார்கள்.

கதிரைகள் வேறு, நிழலே இல்லாத இடம் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். வாயிற்கதவு திறப்பதோ மாலையில்தான். நம் ஊர் வெயிலில் பூப் பார்க்க ஏற்ற நேரம் காலை ஆறு மணி. நடக்க வரும் வயதானவர்களும் அந்த நேரத்துக்குத்தான் வருகிறார்கள். வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

கொன்றை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. விதையின் ஓடு கடினம், அவ்வளவுதான். கல்லில் லேசாக உரசி, ஒரு இரவு ஊறவைத்து நட வேண்டும். முதல் சில கோடைக்குத் தண்ணீரும், ஆடு மாடு கடிக்காமல் ஒரு வேலியும் போதும். பூக்கச் சில வருடங்கள் எடுக்கும். மாரி மழைக்கு முன் நட்டால் வேர் பிடித்துவிடும்.

என் வளவு மரத்தில் இந்த முறை நெற்று நிறைய. விதை வேண்டியவர்கள் உட்பெட்டிக்கு வாருங்கள். பூங்காவுக்குப் பொறுப்பானவர்கள் கேட்டால் ஒரு சாக்கு நிறையவே தருகிறேன்.