ஸ்டாப்வாட்ச் போதுமாம்!

நேற்றைய கருத்தரங்கக் காணொளியை இதற்குள் பார்த்திருப்பீர்கள். "நவீன சோதனைக் கோட்பாடெல்லாம் பேனா பிடிக்கிறவர்களுக்கு. உடற்கல்விக்கு ஸ்டாப்வாட்சும் டேப்பும் போதும்" என்றார் அங்கே பேசிய பெரியவர். அரங்கமே கைதட்டியது. அவர் சொன்ன கோட்பாடு வேறொன்றுமில்லை: மொத்த மதிப்பெண்ணை மட்டும் கூட்டாமல், ஒவ்வொரு கேள்வியின் கடினத்தையும் கணக்கில் எடுத்து ஆளின் திறனை அளப்பது.

சரி, போதும் என்றே வைத்துக்கொள்வோம். புல்-அப்ஸில் ஒரு பையன் 0, இன்னொருவனும் 0. ஒருவன், தாடை கம்பிக்கு மேலே போக ஒரு விரற்கடை இருக்கும்போது கை நழுவியவன். மற்றவனால் தொங்கவே முடியவில்லை. இரண்டு பேரும் ஒன்றா? 0-விலிருந்து 1-க்குப் போவதும் 10-லிருந்து 11-க்குப் போவதும் ஒரே தூரமா? தொங்கிப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

டென்மார்க்கின் கணித அறிஞர் ராஷ் 1960-லேயே இதற்கு வழி சொல்லிவிட்டார். ஆளின் திறனையும் பணியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வை. இரண்டும் சமமானால், செய்து முடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காலைத் தரையில் ஊன்றிச் செய்யும் எளிய புல்-அப்பையும் அசலையும் அந்தக் கோலில் ஏற்றினால், இரண்டு சைபரும் பிரிந்து நிற்கும். இதில் பேனா எங்கே வந்தது?

எட்டாம் வகுப்பில் அந்த சைபர் நான்தான். மூன்று மாதம் தினமும் தொங்கிப் பழகினேன். ஐந்து எண்ணுவதற்குள் விழுந்தவன் முப்பது எண்ணும்வரை தாங்கினேன். அடுத்த தேர்விலும் வாத்தியார் ஏட்டில் வட்டம்தான் போட்டார். பக்கத்தில் 'முன்னேற்றம் இல்லை'. சிவப்பு மையில்.

"திரும்பத் திரும்பச் செய்தால் சோர்வு வருமே, ஒரு முயற்சி அடுத்ததைப் பாதிக்குமே, கோட்பாட்டின் நிபந்தனையே உடைகிறதே" என்பார்கள். நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் எண்ணிக்கைகளுக்கென்றே ராஷ் தனியாக ஒரு கணித மாதிரி வைத்திருந்தார், வாய்விட்டுப் படிக்கும்போது வரும் பிழைகளை எண்ணுவதற்கு. அங்கிருந்தாவது தொடங்கலாமே! "ஒரு வகுப்பில் முப்பது பேர்தானே, கணக்கு நிற்காதே" என்பவர்களுக்கு: பத்துப் பள்ளிகள் சேர்ந்து செய்யுங்கள். அவ்வளவுதான்.

அப்புறம், ஸ்டாப்வாட்ச் பொய் சொல்கிறது என்று நான் எங்கே சொன்னேன்? 100 மீட்டருக்கு அது போதும். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு? கறாரான நடுவரிடம் மாட்டியவனுக்கு 6, தாராளமானவரிடம் போனவனுக்கு 8. நடுவரின் கறாரையும் அதே கோலில் வைத்துக் கழிக்க முடியும் என்றால், 'கணக்குப் பிள்ளை' என்று எனக்குப் பட்டம். இருக்கட்டும். வட்டத்தைவிட இது பரவாயில்லை.

கைதட்டியவர்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். "சும்மா எல்லாரோடும் சேர்ந்து தட்டினோம் சார்" என்று இரவே செய்தி வந்தது. பார்த்தேன். பதில் போடவில்லை.