மச்சானின் நிலக்கீழறைத் தராசு

கடந்த ஆண்டு சிறுபோக அறுவடை முடிந்த கையோடு கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்துக்குச் சென்று, மாமியின் மகன் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். மச்சான் அங்கே மான் வேட்டைக்கான அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர். கார்த்திகை மாத வேட்டைக்குத் தேவையான தோட்டாக்களை அவர் கடையில் வாங்குவதில்லை; முந்திய ஆண்டுகளில் சுட்டு முடித்த பித்தளைக் கோதுகளைச் சேர்த்து வைத்து, வீட்டின் நிலக்கீழறையில் தாமே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார். சொந்தத் தேவைக்காக இவ்வாறு செய்வதை அந்நாட்டு வெடிபொருள் ஒழுங்குவிதிகள் அனுமதிக்கின்றன; உரிமம் இல்லாமல் விற்பனைக்குச் செய்ய முடியாது. வன்னியில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்கு இதைக் கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் நாள் அந்தப் படிக்கட்டில் பாதிவரை இறங்கிவிட்டு, தேநீர் குடிக்க வேண்டும் என்று பொய் சொல்லித் திரும்பி ஏறினேன்.

மூன்றாம் நாள்தான் முழுதாக இறங்கினேன். முப்பத்தொரு ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்தவனுக்குக் கருவிகள் உள்ள மேசை ஒன்றைப் பார்க்காமல் இருப்பது கடினம். ஊர் திரும்பிய பிறகு, அந்த மேசையில் எனக்கு எது பிடித்தது என்று பலர் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் அந்தப் பெரிய இரும்பு அழுத்தியைத்தான் சொல்வேன் என்று எதிர்பார்த்ததாகத் தெரிகிறது. ஆகவே என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அழுத்தி நல்ல கருவிதான், மறுக்கவில்லை. மச்சானுடையது ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தின் வார்ப்பிரும்பு அழுத்தி. 1943இல் கலிபோர்னியாவின் ஒரோவில் நகரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. அப்பகுதி மலைகளில் பாறையிடுக்குகளில் வாழும் பெரிய அணில் போன்ற பிராணி ஒன்றை வேட்டையாடுவோருக்குச் சன்னம் செய்யும் அச்சை உருவாக்கியதிலிருந்து, 'ரொக் சக் புலட் சுவேஜ்' என்பதன் சுருக்கமாக, அந்தப் பெயரெழுத்துகள் வந்தன. கைப்பிடியை ஒருமுறை இறக்கினால் ஒரு கட்ட வேலை மட்டுமே நடக்கும். சுட்டபோது விரிந்துபோன கோது பழைய அளவுக்கு ஒடுங்கும், அதே இழுப்பில் அடியிலுள்ள பழைய பிரைமர், அதாவது அடிபட்டதும் தீப்பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, வெளியே விழும். புதுப் பிரைமர், வெடிமருந்து, சன்னம் என்பவை தனித்தனிச் சுற்றுகளில் வரும். கைப்பிடியை இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு முழுத் தோட்டா விழும் சுழல் அழுத்திகளும் உண்டு. அரிசோனாவின் டில்லன் நிறுவனம் அவற்றுக்குப் பேர்போனது. போட்டிகளில் ஆயிரக்கணக்கில் சுடுவோருக்கு அவை தேவைப்படலாம். ஆண்டுக்கு ஒரு மானைச் சுடும் மனிதருக்கு எதற்கு? ஒரே நேரத்தில் நான்கு வேலைகள் நடக்கும் இயந்திரத்தில் நான்கையும் ஒருவருடைய இரண்டு கண்களால் பார்க்க முடியாது என்பது என் எண்ணம். மச்சானின் எண்ணமும் அதுவே.

பழைய பிரைமரைப் பற்றி ஒரு சிறு வேடிக்கை. அமெரிக்காவில் புழங்கும் கோதின் அடியில் நடுவே ஒரே ஒரு துளை உண்டு. ஓர் ஊசி உள்ளே சென்று பிரைமரை எளிதாகத் தள்ளிவிடும். இந்த முறையைக் கண்டுபிடித்தவர் பொக்சர் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல படைகள் பின்பற்றிய மற்ற முறையில் நடுவே துளை இல்லாமல் பக்கங்களில் சிறு துளைகள் இருக்கும்; அதைக் கண்டுபிடித்தவர் பேர்டன் என்னும் அமெரிக்கர். ஆங்கிலேயருடையது அமெரிக்காவிலும் அமெரிக்கருடையது மற்ற இடங்களிலும் போய்த் தங்கிவிட்டன. சம்பந்தி வீடுகளில் பிள்ளைகள் இடம் மாறி வளர்வதைப் போல.

இனிப் பித்தளைக்கு வருகிறேன், ஏனென்றால் அந்த அறையில் எனக்கு அந்நியமாகப் படாத ஒரே பொருள் அதுதான். தோட்டாக் கோது நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் சேர்ந்த பித்தளை. வளைத்து வளைத்து நிமிர்த்தும் கம்பியைப் போல, ஒவ்வொரு முறை விரிந்து ஒடுங்கும்போதும் அது இறுகிக்கொண்டே போகிறது. இறுகியது பிறகு கழுத்தில் கீறிப் பிளக்கிறது. அதனால் மச்சான் ஒவ்வொரு கோதின் கழுத்தையும் பூதக்கண்ணாடியால் பார்த்து, மயிரிழை போன்ற கோடு தெரிந்தாலும் குறட்டால் நசுக்கிப் பழைய உலோகப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறார். நசுக்காமல் போட்டால் என்றாவது ஒருநாள் சிக்கனம் பார்த்துத் திரும்ப எடுத்துவிடுவேன் என்று சொன்னார். தன்னைத் தானே நம்பாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

கோதுகளைக் கழுவ அவர் ஒரு சுழலும் உருளை வைத்திருக்கிறார். உடைத்த சோளப்பொத்தியின் துகளோடு கோதுகளைப் போட்டு மூன்று மணித்தியாலம் சுழற்றினால் பளிச்சென்று வரும். நான் சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் குத்துவிளக்கும் செம்பும் பழப்புளியும் சாம்பலும் கண்டு கால்மணி நேரத்தில் மின்னியவை. உண்மையில் அங்கும் சிலர் தண்ணீரில் எலுமிச்சை அமிலத்தைக் கரைத்துத்தான் கழுவுகிறார்கள். புளிக்கும் அதற்கும் உறவு தூரமில்லை. ஆனால் அமோனியா கலந்த துலக்கிகளைக் கிட்டவும் விடமாட்டார்கள். அதற்குப் பின்னால் நம் பக்கத்துக் கதை ஒன்று இருக்கிறது. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரைலாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கோதுகள், யாரும் தொடாமலே பிளந்துபோயிருந்தன. பருவத்தோடு வந்த பிளவு என்பதால் அதற்குப் பருவப்பிளவு என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியா, செய்யும்போதே பித்தளைக்குள் உறைந்துபோன தகைப்பை, அதாவது உள்ளிறுக்கத்தைப், பயன்படுத்தி அதைப் பிளந்தது என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. பிளவும் மழையும் ஒன்றாக வந்தமையால் மழையையே காரணமாகப் பிடித்துக்கொண்டார்கள் போலும். ஒன்றாக நிகழ்வனவற்றுள் ஒன்று மற்றதன் காரணமாகத்தான் இருக்க வேண்டுமா என்று உயர்தர மாணவர்களிடம் கேட்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்ததுதான் கவலை.

அளவுக்கு அவர் வைத்திருப்பது வேணியர் இடுக்கிமானியின் இலக்கத் திரை பொருத்திய தம்பி. கோதின் நீளத்தையும் முடிந்த தோட்டாவின் மொத்த நீளத்தையும் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குவரை பார்க்கிறார். மூடிவைத்த நிலையில் பூச்சியம் காட்டுகிறதா என்று ஒவ்வொரு பத்துக் கோதுக்கும் ஒருமுறை பார்த்தார். பூச்சிய வழுவைக் கழிக்க மறந்து புள்ளி இழந்த என் மாணவர்கள் அனைவரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தவேண்டும் போலிருந்தது.

ஆனால் என் மனத்தைப் பிடித்தது தராசு. இலத்திரனியல் தராசு ஒன்றும் அவரிடம் இருக்கிறது. அறையின் வெப்பநிலை மாறினால் அதன் பூச்சியம் மெல்ல நகர்வதை நானே கண்டேன். அவர் நம்புவது பழைய கோல் தராசையே. கோலின் முனையிலுள்ள சிறு செப்புத் தகடு இரண்டு காந்தங்களுக்கு இடையே அசையும். அசைவு தானாகவே தணிந்து சில நொடிகளில் கோல் ஓய்ந்துவிடும். காந்தப்புலத்தில் அசையும் உலோகத்தில் எழும் மின்னோட்டம் அந்த அசைவையே எதிர்க்கும் என்னும் லென்சின் விதியைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதினேன், அது ஒருவருடைய விரல்களைக் காப்பாற்றும் வேலையில் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் பாடசாலைத் தராசின் மிகச் சிறிய பிரிவு 0.1 கிராம். மச்சானுடையது 0.1 கிரெயின்வரை காட்டும். 1 கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம் என்பதால், அது எங்களுடையதைவிடப் பதினைந்து மடங்கு நுண்மையானது. கிரெயின் என்றால் தானியமணி. வாற்கோதுமை மணியை வைத்து அவர்கள் நிறுத்தார்கள். நம் தட்டார் நான்கு நெல் ஒரு குன்றிமணி, இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்று நிறுத்தார்கள். வயலிலிருந்து தராசுக்கு வந்த வழி இருவருக்கும் ஒன்றே.

இவ்வளவு நுண்மை எதற்கு என்று கேட்டேன். எங்கள் அப்புவிடம் இருந்த இடியன் துவக்குக்கு மூங்கிற் குழல் ஒன்றால் மருந்தை அளந்து போட்டதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கூடினாலும் குறைந்தாலும் புகைதான் மாறும் என்பார். அது பழைய கறுப்பு மருந்து. இக்காலப் புகையற்ற மருந்து அப்படிப்பட்டதன்று, சிறிது கூடினாலும் உள்ளழுத்தம் பாய்ந்து ஏறிவிடும் என்றார் மச்சான். மருந்து இட்ட கோதுகளை மரக்கட்டையின் ஐம்பது குழிகளில் நிறுத்தி, கைமின்விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பார்ப்பார். எதிலாவது மட்டம் சந்தேகமாக இருந்தால் அதைக் கொட்டி முதலிலிருந்து நிறுப்பார். அந்த மரக்கட்டை அவர் பழைய கட்டில் காலிலிருந்து துளைத்துச் செய்தது. அறையிலிருந்த பொருள்களில் அதற்குத்தான் விலை இல்லை.

சன்னத்தையும் பொருத்திய பிறகு பிழை தெரிந்தால் அதற்கும் ஒரு கருவி உண்டு. சுத்தியல் போன்றது, தலை மட்டும் உள்ளே கூடாக இருக்கும். தோட்டாவை அதற்குள் பிடிக்கவைத்து மரத்தில் தட்டினால் கோது நின்றுவிடும், சன்னம் நிற்காது. சடத்துவத்தால் முன்னே கழன்று மருந்தோடு கூட்டுக்குள் விழும். செய்ததை அழிப்பதற்கென்றே ஒரு கருவியைக் காசு கொடுத்து வாங்கி, கைக்கெட்டும் இடத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் இருந்த ஆறு வாரங்களில் நாற்பது தோட்டா செய்து மூன்றை அழித்தார். அந்த மூன்றையும் தம் குறிப்புப் புத்தகத்தில் திகதியிட்டு எழுதினார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. என் பெறாமகன் ஒருவன் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் செய்கிறான், பன்றி உழுத வரம்பைப் பார்த்துவிட்டு வந்து, "சித்தப்பா, உங்களுக்கு இப்ப முறை தெரியும்தானே?" என்று கேட்டான். தெரியாது என்றேன். தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். இந்நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் வீட்டில் இதைத் தொட முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, மச்சானின் மருந்து எந்த ஆலையில் எந்தத் தொகுதியில் செய்யப்பட்டது என்பது டப்பாவில் அச்சிடப்பட்டிருக்கிறது. போர் விட்டுச்சென்று நம் மண்ணில் கிடைப்பதற்கு யார் பெயரும் இல்லை, வயதும் இல்லை. பழைய பித்தளைக்காக அதைப் பொறுக்கப் போனவர்களை நாம் அறிவோம். பன்றிக்கு வைக்கும் வாய்வெடியை யானைக்கன்று கடித்துப் பட்டினியில் சாவதையும் அறிவோம். பெறாமகன் கோபித்துக்கொண்டு போனான். பிறகு மின்வேலிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தை நிரப்பித் தரும்படி அவனே வந்தான்.

புறப்படும் முன் மச்சான் ஏதாவது எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அழுத்தியைக் காட்டிப் பகிடி விட்டார். அவரிடம் இருந்த இரண்டு கோல் தராசுகளில் பழையதைக் கேட்டேன். கிண்ணத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, சட்டைகளுக்கு நடுவே சுற்றித் தந்தார்.

இப்போது அது என் முன்விறாந்தை மேசையில் இருக்கிறது. போன கிழமை வேலியில் படர்ந்த குன்றிக்கொடியிலிருந்து பத்து மணிகள் பறித்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். மிகச் சிறியது 1.5 கிரெயின், மிகப் பெரியது 1.9. பத்தும் ஒரே நிறையில் இல்லை. மனைவியின் தாலிக்கொடியை அந்தக் காலத்தில் எந்த மணியால் நிறுத்தார்களோ என்று மாமியாரிடம் கேட்டேன். தட்டார் தன் பெட்டியிலிருந்து பொறுக்கித்தான் எடுத்தார் என்றார்.