பிள்ளை பெற்ற வீட்டில் கைதட்டலாமா?

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் செருப்பை வாசலில் கழற்றி, குரலைத் தாழ்த்தித் தூளியை எட்டிப் பார்க்கிறோம். பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் வேடந்தாங்கலில் மட்டும் அந்த மரியாதை எங்கே போய்விடுகிறது?

ஒருவர் விசில் அடிக்கிறார். இன்னொருவர், "ஒன்றுகூடப் பறக்கவில்லையே" என்று கைதட்டுகிறார். பறந்து காட்ட இது என்ன சர்க்கஸா? எதிர் மரத்தில் ஒரு நத்தைகுத்தி நாரை, உச்சி வெயிலில் சிறகுகளை அகல விரித்து, தொண்டை துடிக்க நிற்கிறது. அந்த நிழலில் மூன்று குஞ்சுகள். அது பதறி எழுந்தால் குஞ்சுகள் வெயிலில் வேகும். பக்கத்துக் கூட்டு முட்டைக்குக் காகம் காத்திருக்கிறது. இதற்கா கைதட்டல்?

சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-இலேயே கலெக்டரிடம் பாதுகாப்பு வாங்கிய ஊர் இது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர்தான் இவர்கள் வயலுக்கு உரம். துப்பாக்கியிலிருந்து காப்பாற்றிய பறவைகளைச் செல்போன் பாட்டால் விரட்டுவதா?

ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. இன்று ஓர் அப்பா, மகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னும் சத்தமாகக் கத்துடா" என்று சொல்லிக்கொடுக்கிறார்!