மாத்திரை வாங்காதவர் கணக்கில் செலவு பூஜ்யம்

மருத்துவத்துக்கு ஜனங்கள் கைக்காசு போடுவது குறைந்துவிட்டது என்று ஒரு எண் அடிக்கடி சுற்றி வருகிறது. மத்திய அரசு வெளியிடும் தேசிய சுகாதாரக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் கைக்காசு 2013-14இல் 64.2 சதவீதம், 2021-22இல் 39.4. எண்ணில் தப்பில்லை. ஆனால் அது பங்கு, ரூபாய் அல்ல. அரசு கூடுதலாகப் போட்டாலும் பங்கு இறங்கும். இல்லாதவன் டாக்டரிடமே போகாமல் இருந்தாலும் இறங்கும்.

வீட்டளவில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. குடும்பச் செலவில் மருத்துவம் 10 சதவீதத்தைத் தாண்டினால் அது 'பேரழிவுச் செலவு' என்பது வழக்கமான அளவுகோல். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 12,000 ரூபாய் செலவு என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,44,000, அதில் 10 சதவீதக் கோடு 14,400. சுகர், பிரஷர் மாத்திரைக்கு மாதம் 700, வருஷத்துக்கு 8,400. கோட்டுக்குள்தான் இருக்கிறது.

இந்த ஆய்வுகளுக்கு எண் தரும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, வெளிநோயாளிச் செலவை, அதாவது படுக்கையில் சேராமல் பார்க்கும் வைத்தியத்தின் செலவை, கடைசி 15 நாளுக்குத்தான் கேட்கும். ஆய்வாளர் அதை 24ஆல் பெருக்கி வருஷக் கணக்காக்குவார். போன வாரம் மாத்திரை வாங்கியிருந்தால் 700 பெருக்கல் 24, ஆக 16,800: பேரழிவு. இருபது நாள் முன்னால் வாங்கியிருந்தால் பூஜ்யம். சராசரி போட்டால் 8,400 சரியாக வந்துவிடும், அதனால் யாருக்கும் உறுத்தாது. எத்தனை வீடு கோட்டைத் தாண்டியது என்ற சதவீதம்தான் கெட்டுப்போகிறது, தலைப்புச் செய்தியாவதும் அதுதான். அந்தஸ்து உள்ள வீட்டில் கிளினிக்கில் பல் சீரமைத்துக்கொண்டாலும் இதே பட்டியலில் ஏறலாம், அது தனிக்கூத்து.

புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள மத்திய அரசு ஆஸ்பத்திரி ஜிப்மருக்குக் கடலூரிலிருந்து பஸ் ஏறுகிறவருக்கு வைத்தியத்துக்குப் பெரிய செலவில்லை. பஸ் காசும், கூட வந்தவரின் சாப்பாடும், இருவரும் இழந்த கூலியும்தான் செலவு. அந்த 10 சதவீதக் கணக்கில் இழந்த கூலி சேராது, பஸ் காசையும் சாப்பாட்டையும் பல ஆய்வுகள் விட்டுவிடும். கடன் வாங்கி ஆபரேஷன் செய்தாலோ குடும்பத்தின் மொத்தச் செலவே ஏறிவிடும். வகுக்கும் எண் பெருத்து, சதவீதம் சிறுத்துக் காட்டும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். மாதாந்திர மாத்திரைக்கு அந்த அட்டை உதவாது. கூலி வராத மாதம் முதலில் நிற்பது அந்த மாத்திரைதான். அப்படி நிறுத்தியவரின் செலவு பூஜ்யம், அதாவது ஆய்வின் கண்ணில் அவர் 'பாதுகாப்பாக' இருக்கிறார். சிறுநீரகம் போய் டயாலிசிஸில் உட்காரும்போதுதான் கணக்குக்கே வருவார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவது இந்த ஓட்டையில் போட்ட ஒட்டு. என் கணிப்பில் பல காப்பீட்டு அறிவிப்புகளைவிட அது பெரிய வேலை.

அடுத்த முறை இப்படி ஓர் ஆய்வு கண்ணில் பட்டால் முடிவுரைக்குப் போகாதீர்கள். நோய் இருந்தும் சிகிச்சை எடுக்காதவர்களை வருமான வாரியாக ஐந்து பிரிவாக்கி அட்டவணை போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். கைச்செலவு அட்டவணையை அதன் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.