டோட்டோவின் மூன்றாவது இறுதி ஊர்வலம்

நேப்பிள்ஸ் நகரம், சானிதா பேட்டை. 1967 மே 22. இத்தாலியின் பெரிய சிரிப்பு நடிகர் டோட்டோ ரோமில் இறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஏப்ரல் 17 அன்று காலையில் ரோமில் ஒரு இறுதிச் சடங்கு, சாயங்காலம் நேப்பிள்ஸில் இன்னொன்று, அடக்கமும் முடிந்தது. அவர் பிறந்த பேட்டைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இன்று மூன்றாவது.

சந்து முனையில் ஸ்டூல் போட்டுக் கள்ளச் சிகரெட் விற்கும் டோன்னா கார்மேலா. எதிரே, சலூன் வாசலில் சவரக் கத்தியோடு டோன் ஜென்னாரோ. உள்ளே நாற்காலியில் பாதி முகம் மழித்த ஒரு வாடிக்கையாளர். அவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

கார்மேலா: டோன் ஜென்னாரோ, பெட்டி வருது. அந்தக் கத்தியைக் கீழ வைங்க. துக்கத்துக்கு வந்தவர் மாதிரியா நிக்கிறீங்க? காரணமானவர் மாதிரி நிக்கிறீங்க.

ஜென்னாரோ: ஒரு சந்தேகம் கேக்கணும். போன மாசம் கார்மினே மாதா கோயிலுக்கு நானே போயிருந்தேன். ரெண்டரை லட்சம் பேர்னு பேசிக்கிட்டாங்க. என் காலை மிதிச்சவங்களை மட்டும் எண்ணினாலே அவ்வளவு தேறும். அன்னிக்கே புதைச்சாச்சு. அப்ப இந்தப் பெட்டிக்குள்ள யாரு?

கார்மேலா: யாருமில்ல.

ஜென்னாரோ: யாருமில்லையா!

கார்மேலா: காலிப் பெட்டி. ரோமுக்கு ஒரு சாவு, ஊருக்கு ஒரு சாவு, பொறந்த சந்துக்கு ஒண்ணும் கிடையாதான்னு நம்ம பேட்டைப் பெரியவருக்குக் கோபம். அவரு ஒண்ணு கேட்டு, இல்லைன்னு சொன்னவன் இந்தப் பக்கம் உண்டா?

ஜென்னாரோ: வேடிக்கையைப் பாருங்களேன். 1954-ல டி சீக்கா ‘நேப்பிள்ஸின் தங்கம்’னு ஒரு படம் எடுத்தாரே, ஞாபகம் இருக்கா? டோட்டோ வீட்டுல ஒரு பேட்டை ரவுடி வந்து ஒண்டிக்கிட்டுப் பத்து வருஷமா நகர மாட்டான். சோறு இவங்க வீட்டுச் சோறு, அதிகாரம் அவன் அதிகாரம். டோட்டோ பாவம், தெருவுல மேளதாளத்தோட ஆடிப் பாடிக் கடைக்கு விளம்பரம் பண்ணிச் சம்பாதிச்சு அவனுக்குக் கொட்டுவாரு. இப்ப அதே மாதிரி ஒருத்தரு அவருக்கு ஊர்வலம் நடத்துறாரு.

கார்மேலா: மெதுவா! ‘அதே மாதிரி’ன்னு சொன்னது அவரு காதுல விழுந்தா நாலாவது ஊர்வலம் உங்களுக்குத்தான். அந்தப் பெட்டி காலியா இருக்காது.

(ஜென்னாரோ கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொள்கிறார். பெட்டி சந்துக்குள் திரும்புகிறது.)

கார்மேலா: வலது பக்கம் முன்னாடி தூக்கிட்டு வர்றானே, அவன் என் தங்கச்சி பையன். கடவுளே, நடக்கிறதைப் பாருங்க! துள்ளிக்கிட்டு வர்றான்! (கத்துகிறாள்) டேய்! முதுகை வளைடா! கனக்கிற மாதிரி வா!

ஜென்னாரோ: காலிதானே, அவன் என்ன பண்ணுவான்?

கார்மேலா: உள்ள இளவரசர் இருக்கார்னு நெனச்சுத் தூக்கணும். பின்னாடி வர்ற பால்காரர் பையனைப் பாருங்க, முகம் செவந்து, மூச்சு வாங்கி, எவ்வளவு லட்சணமா கஷ்டப்படுறான். அவன் உருப்படுவான்.

ஜென்னாரோ: இளவரசர்னதும் ஞாபகம் வருது. டோட்டோவுக்கு நான் சவரம் பண்ணியிருக்கேன்.

கார்மேலா: இந்தச் சந்துல அவருக்குப் பால் குடுத்த பாட்டிங்க மட்டும் முப்பது பேரு. நீங்க சவரமா? அவருக்குத் தாடை ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்குமே, எந்தப் பக்கம் சொல்லுங்க.

ஜென்னாரோ: (யோசித்து) அது... கண்ணாடியில பார்த்தா ஒரு பக்கம், நேர்ல பார்த்தா இன்னொரு பக்கம்.

கார்மேலா: தப்பிச்சிட்டீங்க.

ஜென்னாரோ: பள்ளிக்கூடத்துல விளையாட்டுக் குத்துச்சண்டையில வாத்தியார் கை பட்டு மூக்குத் தண்டு வளைஞ்சுதாம். முகமே அப்படித் திரும்பிடுச்சு. ஒரே ஒரு குத்து. நானும் வாத்தியார்கிட்ட எத்தனை வாங்கினேன்! எனக்கு ஒரு சினிமா சான்ஸ் வந்துச்சா?

கார்மேலா: அவரு பேரு முழுசா தெரியுமா? அந்தோனியோ க்ரிஃபோ ஃபோகாஸ் ஃபிளாவியோ ஆஞ்சலோ தூகாஸ் கொம்னேனோ போர்ஃபிரோஜெனித்தோ...

ஜென்னாரோ: போதும். நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் மழிச்ச தாடி திரும்ப வளர்ந்துடும்.

கார்மேலா: பாதிதான் வந்திருக்கேன். அப்பன் பேரு இல்லாம இங்க, சாந்தா மரியா ஆன்ட்டேசேக்குலா தெருவுல பொறந்த பிள்ளை. 1933-ல மார்க்கீஸ் பட்டம் இருந்த ஒரு பிரபு தத்து எடுத்துக்கிட்டாரு. அப்புறம் கோர்ட்டுக்குப் போய், பைசாந்திய ராஜவம்சம்னு நிரூபிச்சு, இளவரசர் பட்டம் வாங்கிட்டாரு.

ஜென்னாரோ: வாங்கி என்ன லாபம்? 1948-ல புது அரசியல் சட்டம் வந்து, பட்டம் எதுவும் செல்லாதுன்னுடுச்சு. வாழ்க்கை பூராவும் வழக்காடிச் சொத்தை ஜெயிச்சு, சாவி வாங்கப் போனா வீட்டை இடிச்சுட்டாங்க!

கார்மேலா: அவரு படத்துல வர்ற மாதிரியே இல்ல? ரோம்ல ட்ரேவி நீரூற்றை அமெரிக்காவுலேர்ந்து வந்த ஒரு பேக்குக்கு வித்துட்டுப் போவாரே, ‘டோட்டோத்ரூஃபா’வுல...

ஜென்னாரோ: 1961. நாலு தடவை பார்த்தேன்.

கார்மேலா: என் வீட்டுக்காரரும் நாலு தடவை பார்த்தாரு. அதுக்கப்புறம் ரயிலடிக்குப் போய் அமெரிக்காக்காரங்களுக்குக் காத்திருந்தாரு. கடைசியில ஒரு அமெரிக்காக்காரன் இவருக்கு ஒரு கைக்கடிகாரத்தை வித்துட்டுப் போயிட்டான். அதுக்குள்ள மெஷினே இல்ல.

(பாதி மழித்த வாடிக்கையாளர் கழுத்தில் துண்டோடு வெளியே வந்து, ஊர்வலத்தைப் பார்த்து விம்மி, கூட்டத்தோடு கலந்து போய்விடுகிறார். நுரை காய்ந்த கன்னத்தில் கண்ணீர் வழிந்த தடம் தெரிகிறது.)

ஜென்னாரோ: துண்டு! என் துண்டு!

கார்மேலா: விடுங்க, துக்கத்துல இருக்காரு. ராத்திரி நேரத்துல டோட்டோ கார்ல வந்து, ஏழைங்க வீட்டுக் கதவிடுக்குல நோட்டைச் செருகிட்டுப் போவாராமே. பேட்டை பூராவும் பேச்சு. நீங்க ஒரு துண்டுக்கு அழறீங்க.

ஜென்னாரோ: உங்களுக்கு வந்துச்சா?

கார்மேலா: எங்க வரும்? காத்து வருதுன்னு என் வீட்டுக்காரரு இடுக்கையெல்லாம் துணி வச்சு அடைச்சுட்டாரு. அதுக்கு நான் இன்னும் அவரை மன்னிக்கல.

ஜென்னாரோ: சினிமாக்காரங்க எல்லாரும் அப்படிக் குடுக்கிறவங்க இல்ல.

கார்மேலா: என்கிட்டயா சொல்றீங்க? ஒரு படம் வந்துச்சே, கள்ளச் சிகரெட் விக்கிற நேப்பிள்ஸ்காரி, ஜெயிலுக்குப் போகாம இருக்க வருஷா வருஷம் பிள்ளை பெத்துக்கிறா. வயித்துல பிள்ளை இருந்தாலும், பெத்து ஆறு மாசம் ஆகிற வரைக்கும் பிடிக்கக்கூடாதுன்னு சட்டம். சோபியா லோரன் இதை நடிச்சு, படம் ஆஸ்கார் வரைக்கும் போச்சு. தொழில் என் தொழில், ஸ்டூல் என் ஸ்டூல். ஒரு பாக்கெட் சிகரெட்டாவது வாங்கினாங்களா?

ஜென்னாரோ: புருஷனா மாஸ்த்ரோயானி. பிள்ளை பெத்துக் குடுத்துக் குடுத்தே மனுஷன் துரும்பா இளைச்சுடுவாரு.

கார்மேலா: என் வீட்டுக்காரரு இளைக்கலையே! அதனாலதான் சினிமா பொய்னு சொல்றேன்.

ஜென்னாரோ: நான் ஒண்ணு சொல்வேன், கோவிக்கக்கூடாது. டோட்டோ பெரியவருதான். ஆனா சிரிப்புன்னா எனக்கு அல்பெர்த்தோ சோர்தி.

கார்மேலா: (எழுந்து நிற்கிறாள்) சாவு ஊர்வலத்துல ரோமாக்காரன் பேரை எடுக்கிறீங்களா?

ஜென்னாரோ: ஏன், லாரல்-ஹார்டி படத்துல குண்டா இருக்கிறவருக்கு இத்தாலியக் குரல் குடுத்தது அவருதான். இங்கிலீஷ்காரன் திக்கித் திக்கி நம்ம பாஷை பேசுற மாதிரி என்ன அழகா பேசுவாரு! அப்புறம் ‘ரோமில் ஒரு அமெரிக்கன்’, 1954. அமெரிக்கா பைத்தியம் பிடிச்ச பையன், ராத்திரி வீட்டுக்கு வர்றான். அம்மா மக்கரோனி மூடி வச்சிருக்கா. இவன் அதைத் தள்ளி வச்சுட்டு, அமெரிக்காக்காரன் சாப்பாடுன்னு ரொட்டியில ஜாமு, கடுகு, தயிர்னு தடவிக் கடிச்சுட்டு, தூ-ன்னு துப்பிட்டு, மக்கரோனியை முறைச்சுப் பார்த்து, அதுகூட சண்டைக்கே போயிடுவான். கன்னம் ரெண்டும் உப்பி, வாய்க்கு வெளியே தொங்குமே!

கார்மேலா: அதே 1954-ல டோட்டோவும் தின்னாரு. ‘மிசேரியா எ நோபில்தா’. ஞாபகப்படுத்திப் பாருங்க. பட்டினி கிடக்கிற ரெண்டு குடும்பம் சுவரோரமா நாற்காலியில உட்கார்ந்திருக்கும். ஆவி பறக்க ஒரு பெரிய தட்டு ஸ்பகெட்டி மேஜைமேல வந்து இறங்கும். ஒருத்தரும் பேச மாட்டாங்க. நாற்காலியோட இஞ்ச் இஞ்ச்சா மேஜைப் பக்கம் நகருவாங்க. ஒரு கை போகும். அப்புறம் எல்லாக் கையும். டோட்டோ மேஜைமேல ஏறி நின்னு, ரெண்டு கையாலயும் வாரி வாரி...

ஜென்னாரோ: கோட்டுப் பாக்கெட்டுல திணிப்பாரு.

கார்மேலா: அதான்! பாக்கெட்டுல! உங்க சோர்தி வாயில மட்டும்தானே போட்டுக்கிட்டாரு? ஏன்னா நாளைக்கும் அவனுக்கு அம்மா மூடி வச்சிருப்பா. நம்ம ஆளுக்கு நாளைக்குன்னு வேற எங்க வைக்கிறது? சண்டைக் காலத்துல எங்கம்மா எங்க போனாலும் என்கிட்ட ‘பையில எடுத்துக்கோ’ன்னுதான் சொல்லுவா. கொட்டகையில அந்தக் காட்சிக்குக் கிழவிங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு நின்னாங்க.

ஜென்னாரோ: (சற்று நேரம் கழித்து) சரி. பாக்கெட் பெரிய விஷயம்தான். ஒத்துக்கிறேன். ஆனா திருடங்களைப் பத்தி மோனிச்செல்லி எடுத்த படம்? 1958. கஸ்மான், மாஸ்த்ரோயானி எல்லாம் சேர்ந்து அடகுக் கடைப் பெட்டகத்தை உடைக்க ராத்திரி பூரா சுவரைக் குடைவாங்க. குடைஞ்சு பார்த்தா அந்தப் பக்கம் சமையல்கட்டு. தப்பான சுவர்! உட்கார்ந்து கொண்டைக்கடலை போட்ட பாஸ்தாவைத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க.

கார்மேலா: அதுல பெட்டகம் உடைக்கிற பாடம் எடுத்த வாத்தியாரு யாரு? மொட்டை மாடியில, துணி காயுற கொடிக்கு நடுவுல?

ஜென்னாரோ: டோட்டோ.

கார்மேலா: அப்ப அவருக்குக் கண்ணு கிட்டத்தட்டத் தெரியாது. அதுக்கு முந்தின வருஷம் நாடகம் போடுறப்பவே பார்வை போயிடுச்சு. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பிடிச்சுக்கிட்டு வருவாங்களாம். கேமரா ஓட ஆரம்பிச்சதும் கண்ணாடியைக் கழட்டிட்டு எல்லாம் தெரியுற மாதிரி ஓடுவாராம், குதிப்பாராம்.

ஜென்னாரோ: கண்ணு தெரியாதவர்கிட்ட பாடம் படிச்சா தப்பான சுவரைத்தானே குடைவாங்க?

கார்மேலா: (சிரிப்பை அடக்க முடியாமல்) சிலுவை பக்கத்துல வருது, வாயை மூடுங்க!

(இருவரும் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்கிறார்கள். தோள் மட்டும் குலுங்குகிறது. பார்த்தவர்கள் அழுகிறார்கள் என்று நினைத்து மரியாதையாக விலகிப் போகிறார்கள்.)

ஜென்னாரோ: படிச்சவங்களுக்கு அவரு கண்ணுல பட்டதே போன வருஷம்தான். டைரக்டர் பஸோலினி கூப்பிட்டு நடிக்க வச்சாரு, கான் பட விழாவுல பாராட்டு குடுத்தாங்க. நீங்க பார்த்தீங்களா?

கார்மேலா: பார்த்தேன். ஒரு காக்கா வருது. வழி நெடுக இடதுசாரி அரசியல் பேசுது. டோட்டோவும் அந்தச் சுருட்டைமுடிப் பையனும் கேக்கிற வரைக்கும் கேட்டுட்டு, கடைசியில அதைப் பிடிச்சுத் தின்னுடுறாங்க.

ஜென்னாரோ: அதுக்கு ஆழமான அர்த்தம் இருக்குன்னு பேப்பர்ல எழுதினாங்க.

கார்மேலா: பசின்னு எழுதினாங்களா?

ஜென்னாரோ: எழுதல.

கார்மேலா: அப்ப அவங்க மத்தியானம் நல்லா சாப்பிட்டுட்டுப் படம் பார்த்திருக்காங்க.

(ஊர்வலத்தின் வால் கடந்து போகிறது. கார்மேலா ஸ்டூலுக்கு அடியிலிருந்து ஓரம் கிழிந்த ஸ்மோர்ஃபியாவை எடுக்கிறாள். கனவு, சாவு, சண்டை எது வந்தாலும் அதற்கு 1 முதல் 90 வரை லாட்டரி எண் சொல்லும் புத்தகம் அது. நேப்பிள்ஸில் பைபிள் இல்லாத வீடு இருக்கலாம்.)

கார்மேலா: சனிக்கிழமை குலுக்கல். மூணு நம்பர் வேணும். அழுகைக்கு 65. பேட்டையே அழுதிருக்கு, அதுல சந்தேகம் இல்ல. பைத்தியத்துக்கு 22. தேதியும் 22.

ஜென்னாரோ: மூணாவது 47. செத்தவன்.

கார்மேலா: உள்ள ஆளே இல்ல. காலிப் பெட்டிக்கு எப்படி 47 போடுறது?

ஜென்னாரோ: டோட்டோவே ஒரு படம் பண்ணியிருக்காரு, ‘47, பேசுற செத்தவன்’னு. அவரு சொன்னா சரியா இருக்கும்.

கார்மேலா: அந்தப் படத்துக்குப் பேரு வச்சவனுக்குக் கணக்கு வராது. 47 சும்மா செத்தவன். பேசுற செத்தவன் 48. குழந்தைக்குக்கூடத் தெரியும்.

ஜென்னாரோ: அவரு எங்க பேசினாரு?

கார்மேலா: பேசலையா? இவ்வளவு நேரம் நீங்களும் நானும் யாரு பேச்சைப் பேசிக்கிட்டிருந்தோம்? 48 போடுங்க.

ஜென்னாரோ: சரி, 22, 48, 65. பாதிப் பாதி. என் பங்கை எட்டு நாள் கழிச்சுத் தர்றேன். சோபியா லோரன் அந்தத் தங்கப் படத்துல பிட்சா வித்தாங்களே, இன்னிக்குத் தின்னுட்டு எட்டு நாள் கழிச்சுக் காசுன்னு, அந்த முறை.

கார்மேலா: சனிக்கிழமை தோத்துட்டா அடுத்த வாரம் எப்படித் தருவீங்க?

ஜென்னாரோ: ஜெயிச்சா தர்றேன், தோத்தா எதுக்குத் தரணும்?

கார்மேலா: இதை லாட்டரிக் கடைக்காரன்கிட்ட நேர்ல சொல்லுங்க, வாங்க. அவன் படமே பார்க்கிறதில்ல.