மண்டையோட்டை எடுத்துவிட்டுக் காளானை மட்டும் வரையுங்கள்

இன்ஸ்டாகிராமில் திகில் ஓவியர்களைப் பின்தொடர்கிறவர்களுக்கு இந்தப் படம் மனப்பாடமாகியிருக்கும். ஒரு மண்டையோடு, அதன் கண்குழியிலிருந்து முளைத்து நிற்கும் சிவப்புக் காளான், குடை மேல் வெள்ளைப் புள்ளிகள், ஓரத்தில் ஓர் அந்துப்பூச்சி, பின்னால் முழுக்கக் கறுப்பு. அழகாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்போது பார்த்தாலும் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான்: இவர் ஆளை மாற்றி வரைந்துவிட்டார்.

அந்தச் சிவப்புக் காளானின் பெயர் ஃப்ளை அகாரிக். விஷம்தான். சாப்பிட்டால் வாந்தி, பிதற்றல், மாயத்தோற்றம் எல்லாம் வரும். ஆனால் அதைத் தின்று உயிரை விடுவது அபூர்வம். ஜெர்மனியில் அது அதிர்ஷ்டச் சின்னம் வேறு, புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில் குதிரை லாடத்துக்குப் பக்கத்தில் ஜம்மென்று நிற்கும். நிஜமான கொலைகாரன் அதே அமனிட்டா பேரினத்தைச் சேர்ந்த டெத் கேப். உலகில் காளான் சாப்பிட்டு இறப்பவர்களில் பெரும்பாலோரின் சாவுக்கு இதுதான் காரணம்.

அதை இந்தத் திகில் ஓவியர்கள் அதிகம் வரைவதில்லை. ஏன் என்று ஒரு நல்ல புகைப்படத்தைப் பார்த்தாலே புரியும். பளிச்சென்று ஒன்றுமே இல்லை. வெளிறிய ஆலிவ் பச்சையில் ஒரு குடை, நனைந்த பட்டு போல லேசான மினுமினுப்பு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடும் மெல்லிய இழைகள், அடியில் தூய வெள்ளை மடிப்புகள், தண்டில் பாவாடை மாதிரி தொங்கும் ஒரு வளையம். அடையாளம் காட்டிக்கொடுக்கும் முக்கியமான விஷயம் மண்ணுக்குள் இருக்கிறது. தண்டின் அடியில் கிழிந்த பை மாதிரி ஓர் உறை. கத்தியால் தண்டை நறுக்கி எடுத்தால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும், சட்டிக்குப் போவது ஒரு சாதுவான காளான். சாப்பிட்டுப் பிழைத்தவர்கள் பலர் ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் அது வேலை செய்யும் விதம். சாப்பிட்டு 6 மணி நேரம், 12 மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், ஒன்றுமே நடக்காது. பிறகு கடுமையான வாந்தியும் பேதியும். அதுவும் ஓய்ந்து, ஆள் தேறிவிட்டார் என்று வீட்டில் எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில் உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அமடாக்ஸின் என்ற நஞ்சு, செல்கள் புரதம் செய்வதற்குத் தேவையான ஒரு நொதியை முடக்கிவிடுகிறது. கொதிக்க வைத்தாலும் காய வைத்தாலும் ஃப்ரீஸரில் போட்டாலும் அது போகாது. ஒரே ஒரு காளான் போதும், வளர்ந்த ஆளைக் கொல்ல.

இதற்கு மண்டையோடு எதற்கு? மண்டையோடு என்பது எச்சரிக்கைப் பலகை. எந்த எச்சரிக்கையும் கொடுக்காததுதான் இந்தக் காளானின் பயங்கரமே. பக்கத்தில் மண்டையோட்டை வைத்த நிமிஷம் அதைக் காலி பண்ணிவிட்டீர்கள். 1740இல் புனித ரோமப் பேரரசர் ஆறாம் சார்லஸ் காளான் சாப்பிட்டபின் நோயுற்றுச் செத்தார், அதைத் தொடர்ந்து ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் வெடித்தது. டெத் கேப்பாக இருக்கலாம் என்று பலர் சந்தேகிக்கிறார்கள். நான் ஓவியராக இருந்தால் அந்தத் தட்டை மட்டும் வரைவேன். வெள்ளித் தட்டு, வெண்ணெயில் வதக்கிய காளான், பக்கத்தில் முள்கரண்டி, அவ்வளவுதான்.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ஓட்டோ மார்சேயஸ் வான் ஸ்க்ரீக் என்று ஒரு டச்சு ஓவியர். மற்றவர்கள் பூச்சாடியும் பழக்கூடையும் வரைந்துகொண்டிருந்த காலத்தில் இவர் காட்டின் தரையை வரைந்தார். பாம்பு, தேரை, முட்செடி, காளான், அந்துப்பூச்சி, எல்லாமே இருட்டில், தரையோடு தரையாகப் படுத்துப் பார்க்கிற கோணத்தில். ரோமில் நண்பர்கள் இவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘மோப்பம் பிடிப்பவன்’. பாம்புகளை வளர்த்தே வரைந்தவர் என்கிறார்கள். சில ஓவியங்களில் நிஜ வண்ணத்துப்பூச்சியின் சிறகை ஈரப் பெயின்ட்டில் அழுத்தி, செதில்களை அப்படியே ஒட்ட வைத்திருக்கிறார். அந்தச் சிறகுக்குப் பக்கத்தில் மண்டையோட்டுக்கு என்ன வேலை?

இன்னொருவர் ஜேம்ஸ் சோவர்பி. இங்கிலாந்துக் காளான்களை வண்ணப் படங்களாக வெளியிட்டவர். எதைத் தின்னலாம் எது கொல்லும் என்று ஜனங்கள் நேரில் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று களிமண்ணில் மாதிரிகளும் செய்தார். திகில் என்ற எண்ணமே அவருக்கு இருந்திருக்காது. ஆனால் எனக்கு அவற்றின் படங்கள் இன்றைய திகில் ஓவியங்கள் பலவற்றைவிட வயிற்றைக் கலக்குகின்றன.

வேடிக்கை என்னவென்றால், பார்க்கவே பயங்கரமான காளான்களில் பல அப்பிராணிகள். ‘பிசாசின் விரல்கள்’ என்று ஒன்று, முட்டை மாதிரி உறையைக் கிழித்துக்கொண்டு சிவப்பு விரல்கள் வெளியே வரும், அழுகிய மாமிச நாற்றம் அடிக்கும். அது செய்கிற காரியம் ஈக்களைக் கூப்பிட்டு வித்துகளைப் பரப்புவது மட்டும்தான். வெள்ளைத் தோலிலிருந்து ரத்தச் சொட்டு வடிகிற மாதிரி ஒரு காளான் உண்டு, அதன் குற்றம் கசப்பு. இவற்றைப் போட்டு ‘கொடிய விஷம்’ என்று தலைப்பு வைப்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

எரிச்சலுக்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. மக்கள் காளானைப் படம் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். 2023இல் ஏஐ எழுதிய காளான் கையேடுகள் அமேசானில் விற்பனைக்கு வந்து, நியூயார்க் காளான் சங்கம் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. விஷம் என்றால் சிவப்பு, விஷம் என்றால் கோரம் என்று திரும்பத் திரும்பக் காட்டினால், வெளிறிய பச்சைக் குடை கண்ணில் பட்டதும் மனசு சொல்லும், இது நல்லதுதான் என்று. கலைஞனுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் இல்லை என்று சண்டைக்கு வருவீர்கள், வாருங்கள். ஆனால் தாவரவியல் துல்லியத்தோடு அந்தக் கிழிந்த உறையையும் சேர்த்து வரைந்த படம்தான் திகிலாகவும் இருக்கும் என்பது என் வாதம். இரண்டுக்கும் நடுவில் சண்டையே இல்லை.

சரி, கோரமாகவும் இருக்க வேண்டும், கொல்லவும் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் வளரும் ‘பாய்ஸன் ஃபயர் கோரல்’. மண்ணிலிருந்து நெருப்பு விரல்கள் நீட்டிய மாதிரி செக்கச்செவேலென்று இருக்கும், தின்றவர்கள் செத்திருக்கிறார்கள், தொட்டாலே தோல் எரியும் என்கிறார்கள். அதை யாராவது மண்டையோடு இல்லாமல் வரைந்திருந்தால் கமெண்டில் போடுங்கள், பார்க்க ஆசை.